மோசஸ் பாட்டியின் உழைப்பு

அமெரிக்க தேசத்தில், நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வெர்மான்ட் எல்லையை அடுத்துள்ள ஈகிள் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் வாழ்ந்து, 1961-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி, நூற்றொரு வயது நிரம்பியபின் காலமான ஆனா மேரி ராபர்ட்ஸன் மோசஸ் என்ற மூதாட்டியை உலகம் ஒரு சித்திரக்காரியாகவே ஞாபகம் வைத்திருக்கிறது. தள்ளாத வயதில் தூரிகை எடுத்துப் பிரக்யாதி பெற்றாரே என்ற வியப்புத்தான் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரிடமும் முந்திக்கொண்டு வருகிறது. அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும், அதற்கு முற்பட்ட எழுபது ஆண்டுகளும் ஏதோ ஒன்றுக்காகக் காத்துக் கிடந்த காலம் என்று எண்ணுவோமானால், அந்த அம்மாளுக்குப் பெரிய அநீதி செய்தவர்களாவோம். அவருடைய ஜீவியத்தின் பெரும்பகுதியும், என் மதிப்பில் மிக அரிய பகுதியும், அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, கிரீனிச் என்னும் கிராமத்தில் ஒரு விவசாயியின் பத்துக் குழந்தைகளுள் மூன்றாவதாக அவர் பிறந்தார். தகப்பனார் குழந்தைகள் வரைவதற்கென்று வெள்ளைக் காகிதம் வாங்கி வந்து தருவார். மிட்டாயைவிட அதிக நேரம் நீடிக்கும் என்பது அவர் கணக்கு. சிறுமி ஆனா பழச்சாற்றைத் தொட்டு அந்தக் காகிதத்துக்கு நிறம் ஏற்றினாள். அந்த இன்பம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. பன்னிரண்டாவது வயதில் அவள் அயலார் பண்ணை வீடுகளில் வேலைக்கு அமர்த்தப்பட்டாள்; சமையல், துவையல், தையல், நோயுற்றவர்களுக்குப் பணிவிடை என்று பதினைந்து ஆண்டுகள் பிறர் அடுப்படியிலேயே அவள் இளமை கழிந்தது. அக்காலத்து எளிய குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு இது விதிவிலக்கல்ல, வழக்கம்.

1887-இல், தம்மைப் போலவே கூலிக்கு உழைத்துவந்த தாமஸ் சால்மன் மோசஸ் என்பவரை மணந்தார். அந்தத் தம்பதிகள் வேலை தேடித் தெற்கே புறப்பட்டார்கள். வழியில் வர்ஜீனியாவின் ஷெனான்டோ பள்ளத்தாக்கைக் கண்டதும் மேலே செல்ல மனமின்றி, அங்கேயே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யத் தொடங்கினார்கள். புருஷன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து உண்பது ஆனாவுக்குச் சம்மதமில்லை. தமது சொந்தச் சேமிப்பைக் கொண்டு பசு வாங்கி, வெண்ணெய் கடைந்து விற்றார். பின்பு உருளைக்கிழங்கைச் சீவி வறுத்து, அப்போது அந்தப் பக்கத்தில் புதுமையாயிருந்த வறுவலையும் விற்றார். இவ்வளவுக்கும் நடுவே பத்துக் குழந்தைகளைப் பெற்றார். அவர்களில் ஐவர் பிறப்பிலோ சைசவத்திலோ மறைந்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1905-இல், எஞ்சிய ஐவரோடு சொந்தச் சீமைக்குத் திரும்பியபோது, அந்த ஐந்து சின்னஞ்சிறு சமாதிகளையும் பள்ளத்தாக்கிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. இந்தத் துயரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியவரல்லர். பேசாதிருந்ததனால் அது சிறியதாகிவிடாது.

ஈகிள் பிரிட்ஜில் வாங்கிய பண்ணையில் 1927-இல் கணவர் இறந்தார். மகன் பண்ணையை ஏற்றுக்கொண்டபின் ஓய்வு கிடைக்கும் என்று எண்ணத்தக்க வயதில், க்ஷயரோகத்தால் படுத்துவிட்ட மகளுக்கும் அவளுடைய குழந்தைகளுக்கும் துணையாக, 1932-இல் வெர்மான்டைச் சேர்ந்த பென்னிங்டன் நகருக்குப் போனார். அந்த மகள்தான், கம்பளி நூலால் படம் தைக்கும்படி தாயாரைத் தூண்டியவள். கீல்வாதத்தால் விரல்கள் ஊசியைப் பிடிக்க மறுத்தபோது, தூரிகை எளிதாயிருக்குமே என்று சகோதரி யோசனை சொன்னார். நோயாளி மகளின் படுக்கையருகே தொடங்கிய தையலும், முடங்கிப்போன விரல்களும் அன்றி வேறெந்த லட்சியமும் அவரைச் சித்திரத்துக்கு அழைத்து வரவில்லை.

கிராமப் பொருட்காட்சிக்குத் தம் படங்களோடு பழப்பாகும் பதப்படுத்திய கனிகளும் அனுப்பினார். பரிசு கிடைத்தது பாகுக்கும் கனிகளுக்கும்தான்! 1938-இல், ஹூஸிக் பால்ஸ் என்னும் ஊர் மருந்துக்கடையின் ஜன்னலில் தூசி படிந்து கிடந்த அப்படங்களை நியூயார்க் நகரத்துப் பொறியாளர் லூயி கால்டார் என்பவர் கண்டு, அத்தனையையும் வாங்கிக்கொண்டு பாட்டியைத் தேடிப் போனார். பாட்டி வீட்டில் இல்லை. மாமியாரிடம் இன்னும் பத்துப் படங்கள் இருப்பதாக மருமகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். பாட்டி திரும்பி வந்து பார்த்தால் ஒன்பதுதான் இருந்தன. அவர் சற்றும் கலங்காமல் பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டிச் சட்டமிட்டு, மறுநாள் கணக்கைச் சரிசெய்தார். பழைய துணியைக் கிழித்து ஒட்டுத் தைத்துப் பழகியவரின் கைவண்ணம் அது.

1940-இல் ஆட்டோ காலிர் என்பவர் நியூயார்க்கிலுள்ள தம் கூடத்தில், ஒரு விவசாயி மனைவி எழுதிய படங்கள் என்ற பெயரில் கண்காட்சி நடத்தினார். அதே ஆண்டு, நகரத்துப் பெரிய அங்காடியொன்றில் அவரைக் கௌரவிக்க மக்கள் கூடியபோது, தாம் சுட்ட ரொட்டியையும் பாகையும் கையோடு கொண்டுவந்து, அவற்றைப் பற்றியே பேசினார். 1949-இல் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது பெற்றார். கௌரவங்களை அடுக்க இதற்குமேல் இடம் செலவிட வேண்டியதில்லை.

அவர் படங்களில் இருப்பது என்ன என்பதே கேட்கத்தக்கது. சோப்புக் காய்ச்சுதல், மெழுகுவர்த்தி வார்த்தல், ஆப்பிள் பாகு கிளறுதல், பெண்கள் பலர் கூடி மெத்தைப் போர்வை தைத்தல், வைக்கோல் ஏற்றுதல், இவையே அவருக்கு விஷயங்கள். மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் காட்சியைப் பலமுறை எழுதியிருக்கிறார். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் உருகலுமாக இருக்கும் சில வாரங்களில்தான் அம்மரத்தில் சாறு ஊறி வடியும். சுமார் நாற்பது பங்கு சாற்றைக் காய்ச்சினால் ஒரு பங்கு பாகு தேறும். வாளி சுமப்பவர்கள், விறகு சேர்ப்பவர்கள், கொப்பரையைக் காவல் காப்பவர்கள், கொதிக்கும் பாகைப் பனிமேல் ஊற்றி மிட்டாயாக இறுகியதும் பிய்த்துத் தின்னக் காத்திருக்கும் குழந்தைகள் என ஊரே திரண்டு செய்யும் வேலை அது. மரபுச் சித்திரக்கலையின் தூர அளவுகளை அவர் கற்கவில்லை என்று விமரிசகர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் இந்த வேலையில் யார் எங்கே நிற்பார், எதைக் கையில் பிடித்திருப்பார் என்பதைச் செய்து பார்த்தவரன்றி வேறு யாரும் இவ்வளவு நிச்சயமாக எழுதிவிட முடியாது.

எழுதும் முறையும் பண்ணை வேலையின் முறையே. பலகைக்கு முதலில் வெள்ளை பூசி, நாலைந்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, நீலம் குழைத்தபோது எல்லாவற்றிலும் வானத்தை முடித்துவிடுவார். பிறகு மலை, பிறகு நிலம், கடைசியில் மனிதரும் மாடுகளும். சித்திரம் எழுதாதிருந்தால் கோழி வளர்த்திருப்பேன் என்று அவர் சொன்னதைப் பலர் வேடிக்கையாகக் கொண்டார்கள். நான் அதை உள்ளபடியே நம்புகிறேன். நூறு வயது கடந்த பின்பும் இருபதுக்கு மேற்பட்ட படங்களை அவர் எழுதி முடித்தார்.