முதலில் தெரியும் படம் எது? 360 பாகைப் படங்களுக்குப் பின்னால் நடக்கும் வாக்கெடுப்பு

கைப்பேசியில் இணைய வரைபடத்தைத் திறந்து ‘பத்துமலை’ என்று தேடுங்கள். சில வினாடிகளில் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் ஒரு 360 பாகைப் படத்தைத் தட்டி, விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நேரே 272 படிகள். கொஞ்சம் திரும்பினால் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. இன்னும் திரும்பினால் கடைகள், வாகனங்கள், புறாக் கூட்டம். மேலே இழுத்தால் வானம். நீங்கள் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வளாகத்தின் நடுவில் நிற்பதுபோல் இருக்கிறது.

இப்போது உங்கள் பாட்டி பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் மட்டும் வரலாம். பெயர்கூட வராமலும் போகலாம். அங்கிருந்த கோயில், லயன் வீடுகள், பால் கொட்டகை ஆகியவற்றின் படம் கிடைப்பது அரிது.

இந்தப் படங்களில் பலவற்றை எடுத்துப் பதிவேற்றியவர்கள் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மக்கள். சிறு சிறு படங்கள் எப்படி ஒரே படமாகின்றன? ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்துகிடக்கும் இடத்தில் எது முதலில் தெரிய வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? இரண்டு கேள்விகளுக்கும் விடையில் ‘வாக்கெடுப்பு’ ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஓவியத்தில் தொடங்கிய ஆசை

சுற்றியுள்ள முழுக் காட்சியையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசை கேமராவைவிடப் பழையது. எடின்பர்க் நகரின் கால்டன் குன்றில் நின்று, சுற்றிலும் தெரிந்த காட்சியை வளைந்த பரப்பில் வரைந்தார் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர். 1787இல் தம் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். 1793இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்ட வடிவக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டது. மக்கள் பணம் கொடுத்து உள்ளே போய், நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ‘பனோரமா’ என்ற சொல்லும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். ‘எல்லாம்’, ‘காட்சி’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

துண்டுகளைத் தைக்கும் கணினி

கைப்பேசியின் லென்ஸ் ஒரே நேரத்தில் சுற்றுப்புறத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கும். ஆகவே, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பல படங்கள் எடுக்கிறோம். அடுத்தடுத்த இரண்டு படங்களின் ஓரங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். சட்டை தைப்பவர் தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுவாரே, அதுபோல.

பிறகு கணினி ஒவ்வொரு படத்திலும் எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைத் தேடும். சன்னலின் மூலை, பலகையில் உள்ள எழுத்தின் முனை, பாறையில் உள்ள கறை போன்றவை அவை. வெறுமையான நீல வானம் இதற்குப் பயன்படாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999இல் அறிமுகப்படுத்திய ‘சிஃப்ட்’ என்ற முறை இதில் புகழ்பெற்றது. ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களால் அது விவரிக்கிறது. படம் சற்றுத் திரும்பியிருந்தாலும், சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தாலும் ஏறத்தாழ அதே எண்கள் கிடைக்கும். முதல் படத்தில் உள்ள புள்ளிக்கு இரண்டாவது படத்தில் யார் சோடி என்பதைக் கணினி இந்த எண்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும்.

ஆனால் சோடிகளில் தவறானவையும் கலந்திருக்கும். ஒரே மாதிரியான பத்துச் சன்னல்கள் உள்ள கட்டடத்தில் கணினி குழம்பத்தானே செய்யும்? இங்கேதான் முதல் வாக்கெடுப்பு வருகிறது. கணினி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல் நான்கு சோடிகளை எடுக்கும். ஒரு படத்தை எப்படித் திருப்பி, இழுத்து, மற்றொன்றின்மேல் வைக்க வேண்டும் என்று கணக்கிட அந்த நான்கு சோடிகளே போதும். பிறகு மற்ற எல்லாச் சோடிகளையும் பார்த்து, “இந்த விடை உங்களுக்கும் பொருந்துகிறதா?” என்று கேட்கும். பொருந்துபவற்றை எண்ணிக்கொள்ளும். இதையே மீண்டும் மீண்டும் செய்து, அதிக ஆதரவு பெற்ற விடையை ஏற்கும். 1981இல் வெளியான இந்த முறையின் பெயர் ‘ரான்சாக்’.

இந்த வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சரியான சோடிகள் அனைத்தும் ஒரே விடையைச் சொல்லும். தவறான சோடிகள் பெரும்பாலும் ஆளுக்கொரு திசையில் சிதறும். ஒரு புள்ளி இன்னொரு புள்ளியைப் பார்த்துத் தன் வாக்கை மாற்றிக்கொள்வதும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உருண்டையை விரித்தால்

தைத்து முடித்தால் கிடைப்பது, உங்களைச் சுற்றியுள்ள ஓர் உருண்டையின் உட்புறம். அதைக் கோப்பாகச் சேமிக்கச் செவ்வகமாக விரிக்க வேண்டும். கிடையாக 360 பாகை, செங்குத்தாக 180 பாகை. ஆகவே முழுமையான 360 பாகைப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு இருக்கும். எடுத்துக்காட்டாக, 8192 × 4096 படப்புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 33.5 மில்லியன்.

உலக வரைபடத்தில் துருவங்களுக்கு அருகே உள்ள கிரீன்லாந்து அகலமாக இழுபட்டுத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். உங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே உள்ள ஒரே ஒரு புள்ளி, படத்தின் மேல் ஓரம் முழுவதும் நீண்டு கிடக்கும். வரைபடச் செயலி அதை மறுபடியும் உருண்டையாக மடித்துக் காட்டுவதால்தான் நமக்குக் காட்சி இயல்பாகத் தெரிகிறது.

இரண்டாவது வாக்கெடுப்பு

படம் தயார். பதிவேற்றியும் ஆகிவிட்டது. ஆனால் அதே இடத்தில் ஏற்கெனவே ஐந்நூறு படங்கள் இருக்கின்றன. திரையிலோ நான்கைந்துக்குத்தான் இடம். வரிசைப்படுத்தியே ஆக வேண்டும்.

படம் தெளிவாக உள்ளதா, எப்போது எடுத்தது, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பலவற்றை ஒரு தளம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் தங்கள் முழுச் சூத்திரத்தை வெளியிடுவதில்லை. இருந்தாலும், அவை எல்லாம் எதிர்கொள்ள வேண்டிய ஒரு சிக்கலை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பினாங்குக் கொடிமலை உச்சியில் எடுத்த இரண்டு படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் படத்துக்கு 5 பேர் வாக்களித்தார்கள், ஐவருக்கும் பிடித்திருந்தது. அதாவது 100 விழுக்காடு. இரண்டாவது படத்துக்கு 200 பேர் வாக்களித்தார்கள். 180 பேருக்குப் பிடித்திருந்தது. அதாவது 90 விழுக்காடு. எதை முதலில் வைப்பீர்கள்?

விழுக்காட்டை மட்டும் பார்த்தால் முதல் படம் வெல்லும். ஆனால் அந்த ஐவரும் படம் எடுத்தவரின் அண்ணன், அக்கா, மூன்று நண்பர்களாக இருந்தால்? விருப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம் என்றால் அதுவும் சரியில்லை. 1,000 பேரில் 200 பேருக்கு மட்டுமே பிடித்த சுமாரான படம், 200 பேரில் 180 பேருக்குப் பிடித்த நல்ல படத்தை முந்திவிடும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் இதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் கற்பனையாக ஒரு ‘பிடித்தது’, ஒரு ‘பிடிக்கவில்லை’ சேர்த்துவிடுங்கள். முதல் படம்: 7இல் 6, ஏறத்தாழ 86 விழுக்காடு. இரண்டாவது படம்: 202இல் 181, ஏறத்தாழ 90 விழுக்காடு. வரிசை மாறிவிட்டது! ஐந்து வாக்குகளுக்கு நடுவில் இரண்டு கற்பனை வாக்குகள் பெரிய மாற்றம் செய்கின்றன; இருநூறுக்கு நடுவில் அவை கரைந்துபோகின்றன.

இன்னும் கறாரான முறை ஒன்றை அமெரிக்க அறிஞர் எட்வின் வில்சன் 1927இல் தந்தார். “இதுவரை கிடைத்த வாக்குகளை வைத்து, இந்தப் படத்தை விரும்புவோர் குறைந்தது எத்தனை விழுக்காடு என்று நம்பலாம்?” என்று அது கேட்கிறது. 95 விழுக்காடு நம்பிக்கை அளவில் கணக்கிட்டால், முதல் படத்துக்குக் கிடைப்பது வெறும் 57. இரண்டாவதற்கு 85. குறைவான சான்று இருந்தால் குறைவாகவே நம்பு என்பதுதான் இரண்டு முறைகளும் சொல்லும் பாடம்.

ஒருவரைப் பார்த்து ஒருவர்

அப்படியானால் சரியான சூத்திரம் கிடைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. நாம் நினைவில் வைத்த விஷயத்துக்கு இப்போது வருவோம். தையலில் வாக்களித்த புள்ளிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. மனிதர்களாகிய நாமோ பார்த்துத்தான் வாக்களிக்கிறோம். முதலில் தெரியும் படத்தையே பலரும் தட்டுகிறார்கள். தட்டியவர்களில் சிலர் விருப்பம் போடுகிறார்கள். அதனால் அது இன்னும் முதலிலேயே நிற்கிறது. நேற்றுப் பதிவேறிய அருமையான படம் அடியில் கிடக்கிறது. பார்க்காத படத்துக்கு யார் வாக்களிப்பார்கள்?

இதை ஆராய்ந்த ஒரு சோதனையின் முடிவு 2006இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டுமே தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் உலகில் ஒவ்வொரு பாடலையும் இதுவரை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதும் தெரிந்தது.

முடிவு என்ன? எட்டு உலகங்களிலும் ஒரே பாடல் முதலிடம் பெறவில்லை. மிக நல்ல பாடல்கள் அரிதாகவே அடியோடு தோற்றன. மிக மோசமானவை அரிதாகவே வென்றன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. பாடல்களைப் பதிவிறக்க எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டியபோது, வென்றவற்றுக்கும் தோற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிதானது.

வரைபடப் படங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இதைக் குறைக்க, புதிய படங்களை அவ்வப்போது மேலே காட்டி வாய்ப்புக் கொடுக்கலாம். ஒருமுறை காட்டினால் எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று விகிதம் பார்க்கலாம். பழைய வாக்குகளின் மதிப்பைக் காலப்போக்கில் குறைக்கலாம். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மனிதர்களின் முடிவு. கணிதம் அந்த முடிவை நிறைவேற்றித் தரும் கருவி.

வரிசையிலேயே இல்லாத இடங்கள்

ஒரு படம்கூட இல்லாத இடத்துக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகள் 2016 வரை கூகுளின் வீதிக்காட்சியில் இல்லை. அங்கே மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் அதிகம். தீவுவாசிகள் ஆடுகளின் முதுகில் 360 பாகைக் கேமராவைக் கட்டி மேயவிட்டு, கிடைத்த படங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். உலகச் செய்தியாகிவிட்டது! அதே ஆண்டு கூகுள் கேமராக்களுடன் அங்கே போனது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2005இல் ஸ்பெயினில் தொடங்கிய ‘பனோரமியோ’ என்ற தளத்தில் உலகெங்கும் உள்ள மக்கள் இடம் குறித்த படங்களைப் பகிர்ந்தார்கள். 2007இல் கூகுள் அதை வாங்கியது, 2016இல் மூடியது. ஆகவே படத்தைப் பதிவேற்றுவதோடு நிற்காமல், உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் நம் நாட்டில், இடிக்கப்படும் முன் எடுத்த ஒரு படம் மட்டுமே ஓர் ஊரின் சான்றாக மிஞ்சக்கூடும்.

பதிவேற்றும் முன்

360 பாகைப் படம் எல்லாத் திசையையும் பிடிக்கும். பின்னால் நிற்பவரின் முகம், வண்டி எண், பக்கத்து வீட்டுச் சன்னல் எல்லாம் அதில் விழும். பெரிய தளங்கள் முகங்களைத் தானாக மங்கலாக்க முயன்றாலும், சில தப்பிவிடும். நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் வீட்டுக்குள் எடுத்த படத்தைப் போடவே வேண்டாம். அரிய ஆர்க்கிட் செடியையோ விலங்கையோ கண்டால் இடத்தைத் துல்லியமாகக் குறிக்காதீர்கள். திருடர்களுக்கு அது வழிகாட்டியாகிவிடும். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்ற இயற்கைத் தளம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சரியான இடத்தை மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்தை மட்டுமே காட்டுகிறது.

செய்து பாருங்கள்

1. ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறி மூடுங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிட்டால் விரல் தாவும். பார்க்கும் இடம் மாறினால் அருகில் உள்ளவை அதிகமாக நகரும். பனோரமாவில் தூண் உடைந்தும், மனிதர் பாதியாகவும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2. ஒரே அறையை இரண்டு முறை பனோரமா எடுங்கள். முதல் முறை, கையை நீட்டிக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் திரும்புங்கள். இரண்டாவது முறை, கைப்பேசி ஒரே இடத்தில் சுழல, நீங்கள் அதைச் சுற்றி நடங்கள். தையல் எதில் சுத்தமாக இருக்கிறது?

3. வகுப்பில் ஆறு படங்களை ஒட்டுங்கள். பாதிப் பேர் மற்றவர் அறியாமல் சீட்டில் வாக்களிக்கட்டும். மீதிப் பேர் ஒருவர்பின் ஒருவராக, எல்லாரும் பார்க்கும்படி படத்தின் கீழே கோடு போடட்டும். இரண்டு வரிசைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால், எந்த வரிசையை நம்புவது என்று ஆசிரியரோடு பேசுங்கள்.