பல் மருத்துவரே, கண்ணையும் பாருங்கள்

பல் வலியென்று வருபவரை வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன், அவர் கண்களை அரை நிமிடம் கவனியுங்கள். சிலருக்குப் பார்வை பிழைப்பது அந்த அரை நிமிடத்தில்தான்.

மேல்வரிசைப் பல்லும் கண்குழியும்

மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது மேல்தாடை சைனஸ். வேர்நுனியில் கட்டிய சீழ் அதன் வழியாகவோ, முகத்துச் சிரைகள் வழியாகவோ மேலேறிவிடலாம். இமை வீங்கி, கண் பிதுங்கி, அசைத்தால் வலித்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அது கண்குழித் தொற்று. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கடும் தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்து, மறுகண்ணும் வீங்கினால் உயிருக்கே ஆபத்து.

2021இல் கரும்பூஞ்சை பரவியபோது, பலர் முதலில் போனது பல் மருத்துவரிடம்தான். திடீரெனப் பற்கள் ஆடும், மேல்தாடை வலிக்கும், கன்னம் மரத்துப்போகும், அண்ணம் கறுக்கும். பிறகு கண் வீங்கும். அந்த மே மாதமே தமிழக அரசு இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கொரோனா அலை ஓய்ந்துவிட்டது. கரும்பூஞ்சைக்கு இடம்கொடுக்கும் கட்டுப்படாத சர்க்கரை ஓயவில்லை. பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு தெரியும் சர்க்கரை நோயாளியிடம் இந்தச் சந்தேகம் இன்றும் எழவேண்டும்.

மென்றால் சோரும் தாடை

ஐம்பதைக் கடந்த ஒருவருக்கு மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, நிறுத்தினால் அடங்குகிறது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை வாரினாலே வலி என்றால், தாடை மூட்டுக் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ராட்சத செல் தமனி அழற்சியாக இருக்கலாம். நம் நாட்டில் அரிது, அதனாலேயே தவறவிடப்படுகிறது. இதில் ஒரு கண்ணின் பார்வை பறிபோனால் சில நாட்களில் மற்றதும் போகக்கூடும். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. ஸ்டீராய்டு சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும்.

வறண்ட வாய், உறுத்தும் கண்

ஈறோரமாகப் பல பற்களில் சொத்தை, தண்ணீரின்றி இறங்காத சோறு, மண் விழுந்தாற்போல் உறுத்தும் கண்: இவை சேர்ந்தால் ஷோகிரன் நோயை நினையுங்கள். 1933இல் இதை விரிவாக எழுதியவர் சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன். அடிக்கடி வரும் வாய்ப்புண்ணோடு கண் சிவந்து பார்வை மங்கினால் பெசெட் நோயாகவும் இருக்கலாம்.

மரப்பு ஊசிக்குப் பின்

அரிதாக, பார்வை இரண்டாகலாம். இமை மூடாமல் போகலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகும். அதுவரை மூடாத கண்ணைக் காயவிடாமல் மூடிவையுங்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். மரப்பு தெளிந்தும் நீடித்தால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை: பல்லுக்காகப் போனாலும், கண்ணில் உள்ள தொந்தரவைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள்.