தேய்ந்த புஷ்ஷைக் கழற்றும் திருகுக் கருவி

மோட்டார் வண்டியில் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பின்மேல் அசையும் இடங்களிலெல்லாம் தேய்மானம் உண்டு. அதை அறவே தடுக்க இயலாது. ஆனால் தேய வேண்டியது எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம். இவ்வெண்ணத்தின் விளைவே, பட்டறைகளில் ‘புஷ்’ என்று வழங்கும் சிறு குழாய். உறுதியான எஃகினாலான ஊசி ஒரு புறம். அதைத் தாங்கும் கனமான கூடு மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே மென்மையான உலோகத்தாலான புஷ் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். நூற்றுக்கு 88 பங்கு செம்பும், 10 பங்கு வெள்ளீயமும், 2 பங்கு துத்தநாகமும் சேர்ந்த ‘கன்மெட்டல்’ என்னும் கலவை இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஊசியும் கூடும் பல்லாண்டு நிலைத்திருக்கும் பொருட்டு, புஷ் தான் தேய்ந்து போகிறது. தேய்ந்ததை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதொன்றைச் செருகினால் வண்டி பழைய நிலையை அடைந்துவிடும். விலையும் அற்பமே.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பழைய புஷ்ஷைக் கழற்றும் அந்தச் சில நிமிஷங்களில், இத்தனை காலம் அது காப்பாற்றி வந்த கூடே காயப்பட்டுவிடுவது உண்டு. நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் இவ்வேலைக்கு இன்றும் கைக்கொள்ளப்படும் சாதனங்கள் சுத்தியலும், உளியும், ஏதேனும் ஒரு பழைய இரும்புத் துண்டுமே.

லாரியின் முன்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக அமைந்திருப்பது கிங்பின் என்னும் தடித்த எஃகு ஊசி. அதன் மேற்புறத்தில் ஒன்றும் கீழ்ப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு புஷ்கள் உண்டு. அவற்றுக்கிடையே 20 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் தேய்ந்து அரை மில்லிமீட்டர் இடைவெளி ஏற்பட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியுள்ள டயரின் விளிம்பில் இந்த ஆட்டம் இரண்டரை மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் சக்கரம் நடுங்கும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். மலைப்பாதையின் வளைவில் வண்டி அவர் எண்ணியபடி திரும்பாது. பின்புறத்துப் பட்டைவில்லின் கண்ணிலுள்ள புஷ் தேய்ந்தாலும் இதைப் போன்றதே. பின்னச்சு தன் இடத்திலிருந்து சற்றே நகர, பாரம் ஏற்றிய வண்டி நேராகச் செல்ல மறுக்கும். ஆகவே புஷ்ஷை மாற்றுவது உயிர்ப் பாதுகாப்பைச் சேர்ந்த காரியமாகும். மாற்றிய பின்னும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், பெரும்பாலும் குற்றம் புதிய புஷ்ஷில் இராது. பழையதைக் கழற்றிய முறையிலேயே இருக்கும்.

புஷ் தன் கூட்டில் நிற்பது இறுக்கத்தினால் மட்டுமே. கூட்டின் துளையைவிடப் புஷ்ஷின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அதிகமாக இருக்கும். தலைமயிரின் தடிப்பளவே உள்ள இந்த வேறுபாடு, புஷ்ஷை நாற்புறமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. 30 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு புஷ் ஏறத்தாழ 47 சதுர சென்டிமீட்டர் பரப்பில் கூட்டைத் தொடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 50 கிலோ அழுத்தம் இருப்பதாகவும், உராய்வு அதில் ஏழிலொரு பங்கு என்றும் கொண்டால், அதை நகர்த்தச் சுமார் 340 கிலோ விசை தேவைப்படும். பல மழைக்காலங்களின் துருவும் சேறும் உள்ளே புகுந்து இறுகியிருந்தால் விசை இதற்குப் பன்மடங்காகும்.

இவ்விசையைச் சுத்தியலால் தர முடியாதா என்று கேட்கலாம். தர முடியும், தொல்லையும் அதில்தான் இருக்கிறது. அடியின் வேகம் கணநேரத்தில் புஷ்ஷின் ஒரு முனையில் வந்து விழுகிறது. கன்மெட்டல் மென்மையானது, அடிபட்ட முனை நசுங்கிக் காளானின் குடைபோல் விரிகிறது. விரிந்த முனை கூட்டை முன்னிலும் இறுகப் பற்றிக்கொள்கிறது. அதாவது, புஷ்ஷை வெளியேற்ற அடிக்கும் ஒவ்வோர் அடியும் அதை உள்ளேயே நிலைநிறுத்தும் அடியாகவும் ஆகிவிடுகிறது. இன்னும் ஓங்கி அடித்தால் உளி சறுக்கித் துளையின் சுவரைக் கீறும். கீறிய இடத்தில் மேடு எழும்பும். அந்த மேட்டை அரத்தால் தேய்த்தால் துளை வட்டம் தவறிவிடும். வட்டம் தவறிய துளையில் புதிய புஷ் இறுகி நில்லாது. ஊசியோடு சேர்ந்து தானும் சுழலத் தொடங்கும். அப்படிச் சுழலும்போது கிரீஸ் வருவதற்கென்று புஷ்ஷில் இட்டிருக்கும் சிறு துளை, கூட்டிலுள்ள துளையைவிட்டு விலகிப் போகும். மசகின்றி ஓடும் புஷ் சில மாதங்களிலேயே அழிந்துபோவதில் வியப்பில்லை. பட்டறைக்காரர் புஷ் விற்ற கடையைக் குறைகூறுவார். உண்மையான காரணம் அவருடைய சுத்தியலே.

வேறொரு அபாயமும் உண்டு. கடினமேற்றிய எஃகை எஃகால் அடித்தால் கூரிய சில்லுகள் தெறிக்கும். இப்பணியில் பழகுவோரில் பலர் இளம் வயதினர். வண்டியின் அடியில் படுத்து, முகத்துக்கு நேராக உளியைப் பிடித்து வேலை செய்பவர்கள். கண்ணாடி அணியும் வழக்கம் அவர்களிடையே மிகக் குறைவு.

பெரிய பணிமனைகளில் நீரழுத்த யந்திரம் உண்டு. அதில் வைத்து அழுத்தினால் புஷ் அமைதியாக வெளிவந்துவிடும். ஆனால் அதற்கு உறுப்பை வண்டியிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்து யந்திரத்தின் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்துக் கொட்டகையில் அதற்கு வசதி ஏது? அங்கே வேண்டியது, வண்டி நிற்கும் இடத்துக்கே சென்று வேலை செய்யக்கூடிய ஒரு கைக்கருவி. அதுவே திருகுக் கருவி. பட்டறை வழக்கில் இதைப் ‘புல்லர்’ என்பார்கள்.

இதன் அமைப்பு மிக எளியது. நீண்ட புரியிட்ட உறுதியான போல்ட்டு ஒன்று, அதற்கேற்ற நட்டு, ஒரு தள்ளுவளையம், ஒரு வாங்குகுழல், தடித்த வாஷர் ஒன்று. தள்ளுவளையத்தின் வெளிவிட்டம் புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது புஷ்ஷின் முனை முழுவதையும் தாங்கித் தள்ளும். துளையின் சுவரையும் தொடாது. வளையத்தின் முன்புறத்தில் சிறிய படியொன்று கடைந்து, அது புஷ்ஷின் உட்துளைக்குள் அமருமாறு செய்திருந்தால் தள்ளும்போது கோணாது. இந்தப் படி இல்லாமல் செய்யப்படும் வளையங்கள் பாதி வழியில் சாய்ந்து சிக்கிக்கொள்வதால், கருவியின் மீதே நம்பிக்கை போய்விடுகிறது. வாங்குகுழல் என்பது புஷ்ஷைவிடச் சற்று அகலமான ஒரு குழாய்த்துண்டு. கூட்டின் மறுபுறத்தில் பொருந்தி நின்று, வெளிவரும் புஷ்ஷைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும்.

போல்ட்டைப் புஷ்ஷின் ஊடாகச் செலுத்தி, ஒரு புறம் தள்ளுவளையமும் மறுபுறம் குழலும் வாஷரும் வைத்து நட்டை முடுக்கினால், இவையனைத்தும் ஒன்றையொன்று நெருங்க வேண்டியிருக்கிறது. நடுவிலிருக்கும் கூடு அசையாது. ஆகவே புஷ் நகர்கிறது. இங்கே கவனிக்கத்தக்கது, முழு விசையும் கருவிக்குள்ளேயே தொடங்கிக் கருவிக்குள்ளேயே முடிகிறது என்பது. சுத்தியல் அடியைத் தாங்க அச்சும் வில்லும் ஜாக்கியும் அதிர வேண்டும். திருகு இழுக்கும்போது வண்டிக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

மனிதனின் கைபலம் இவ்வளவு பெரிய விசையாக மாறுவது எவ்வாறு? 16 மில்லிமீட்டர் போல்ட்டின் புரி ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் முன்னேறும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையோ அதே சுற்றில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. உராய்வே இல்லாவிட்டால் கையின் விசை ஏறக்குறைய 780 மடங்காகும். உண்மையில் அதில் பத்தில் ஒன்பது பங்கைப் புரியிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வு விழுங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் 20 கிலோ விசையுடன் ஸ்பானரை இழுப்பவர் சுமார் ஒன்றரை டன் விசையைப் புஷ்ஷின்மேல் செலுத்துகிறார். அந்த உராய்வும் வீணாகப் போய்விடவில்லை. ஸ்பானரைக் கையிலிருந்து விட்டுவிட்டாலும் நட்டு பின்வாங்காமல் இருப்பது அதனால்தான். துருப்பிடித்த புஷ்ஷை ஒன்றரை டன் அழுத்தத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, மசகெண்ணெயை ஊற்றி, கூட்டின் பக்கவாட்டில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கலாம். பல சமயங்களில் ‘டக்’ என்ற ஓசையுடன் புஷ் தானாகவே நெகிழும். சுத்தியலுக்கு ஏற்ற வேலை இதுவே.

இக்கருவியை விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்பதில்லை. கழித்துப்போட்ட உருளைத்தாங்கியின் வெளிவளையம் நல்ல வாங்குகுழலாகும். தடித்த நீர்க்குழாய்த் துண்டும் உதவும். தள்ளுவளையத்தை மட்டும் கடைசல் யந்திரத்தில் அளவறிந்து கடைந்துகொள்ள வேண்டும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, அது போல்ட்டு. சாதாரண மெல்லெஃகுப் போல்ட்டு இப்பளுவில் நீண்டு, புரி சிதைந்து, சில சமயம் அறுந்தும்போகும். தலையில் 8.8 என்ற எண் பொறித்த உயர்வலிமைப் போல்ட்டையோ அதற்கு மேற்பட்டதையோதான் பயன்படுத்த வேண்டும். புரிக்கும் வாஷருக்கும் கிரீஸ் தடவ வேண்டும். முடுக்கும்போது போல்ட்டின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது.

கன்மெட்டலுக்குப் பதிலாக ரப்பர் புஷ்கள் வந்தபின் வேலையின் தன்மை சற்று மாறியது. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் காரின் பின்புறப் பட்டைவில்களிலும் ரப்பர் புஷ்களே இருந்தன. இன்றைய கார்களின் தாங்கு கைகளில், உள்ளும் புறமும் எஃகுக் குழாய்களும் நடுவே ரப்பருமாக அமைந்த ‘சைலன்ட் பிளாக்’ புஷ்கள் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றைக் கழற்றச் சிலர் வாயுத் தீச்சுடரால் ரப்பரை எரித்துவிடுகிறார்கள். கரும்புகை கொட்டகையை நிறைக்கிறது. அதைச் சுவாசிப்பது உடலுக்குக் கேடு. சூட்டினால் சுற்றியுள்ள உலோகத்தின் பதமும் கெடலாம். எரித்த பிறகும் வெளிக்குழாய் துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இரும்பறுக்கும் வாளால் நீளவாட்டில் அறுக்கும்போது வாளின் பல் துளைச் சுவரிலும் இறங்கிவிடுகிறது. திருகுக் கருவியின் தள்ளுவளையத்தை வெளிக்குழாயின் விளிம்பில் சரியாக அமர்த்தினால் முழுப் புஷ்ஷும் ஒரே துண்டாக வெளிவரும். உள்ளிருக்கும் ரப்பரின்மேல் வளையம் அழுத்தினால் மட்டும் பயனில்லை. ரப்பர் பிதுங்கி வந்துவிட, குழாய் அசையாமல் நிற்கும்.

போல்ட்டை மறுபுறம் செலுத்தவே வழியில்லாத இடங்களும் உண்டு. கிராங்க் தண்டின் பின்முனையில், கியர் பெட்டித் தண்டின் மூக்கைத் தாங்கும் சிறு புஷ் அடிமூடிய குழியில் அமர்ந்திருக்கும். இதற்குப் பழைய மெக்கானிக்குகள் கையாளும் முறை மிக அழகானது. குழியைக் கிரீஸால் காற்றில்லாமல் நிரப்பி, புஷ்ஷின் துளைக்குள் சரியாக நுழையும் எஃகுத் தண்டொன்றை வைத்து அடிக்கிறார்கள். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி இங்கே வேலை செய்கிறது. உள்ளே அழுந்திய கிரீஸ் புஷ்ஷின் பின்முனையைத் தள்ள, தண்டு உள்ளே போகப் போகப் புஷ் வெளியே வருகிறது. தண்டு தளர்வாக இருந்தால் கிரீஸ் முகத்தில் பீறியடிக்குமே தவிர, புஷ் வாராது. தண்டு கிடைக்காதபோது புஷ்ஷின் உட்புறத்தில் புரி வெட்டி, அதில் போல்ட்டைத் திருகலாம். போல்ட்டின் முனை குழியின் அடியைத் தொட்டதும், மேற்கொண்டு திருகத் திருகப் புஷ் போல்ட்டின்மேல் ஏறி வந்துவிடும்.

பழையதைக் கழற்றிய கருவியே புதியதைச் செருகவும் உதவுகிறது. துளையைத் துடைத்து, விளிம்பிலுள்ள கூர்மையைச் சற்றே நீக்கி, புஷ்ஷின் கிரீஸ் துளையும் கூட்டின் துளையும் ஒரே கோட்டில் வருமாறு வெளியில் ஒரு குறியிட்டுக்கொண்டு, நட்டை மெதுவாக முடுக்க வேண்டும். முதல் இரண்டு மில்லிமீட்டர் நேராக இறங்கிவிட்டால் பிறகு கோணல் வருவதில்லை. கோணினால் உடனே நிறுத்தித் திரும்ப எடுத்துவிடுவது நலம். கூட்டினுள் இறுகிய புஷ்ஷின் உட்துளை சிறிது சுருங்கியிருக்கும். ஆகையால் கிங்பின் புஷ்களை ரீமரால் கடைந்து, ஊசி ஆட்டமின்றியும் சிரமமின்றியும் நுழையுமாறு செய்ய வேண்டும். மேல்புஷ்ஷும் கீழ்ப்புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நீண்ட ரீமரை இரண்டின் ஊடாகவும் ஒருசேரச் செலுத்துவதே முறை.

ரப்பர் புஷ்களுக்கு ரீமரும் வேண்டாம், கிரீஸும் ஆகாது. செருகுவதற்குச் சோப்பு நீரே போதும். அவற்றின் ஊடாகச் செல்லும் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக முடுக்கிவிடக் கூடாது. சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டி தன் பாரத்தில் அமர்ந்த பின்பே முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்குண்ட நிலையிலேயே பூட்டப்பட்டு, விரைவில் கிழிந்துபோகும். கன்மெட்டல் புஷ் பொருத்திய இடத்திலோ, கிரீஸ் துப்பாக்கியை நிப்பிளில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசியின் இரு முனைகளிலும் புதிய கிரீஸ் கசிந்து வந்தால் துளைகள் ஒத்திருக்கின்றன என்று பொருள். வாராவிட்டால், சக்கரத்தை மாட்டுவதற்கு முன்பே புஷ்ஷை மறுபடி கழற்றிச் சரிசெய்துவிட வேண்டும்.