டப்பாவில் சீட்டு ஒட்டியாச்சா?

குட்டீஸ்! உங்கள் வீட்டுச் சமையலறையில் மிளகு, சீரகம், கடுகு என்று டப்பாக்களில் சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் கோப்புகளுக்கும் இப்படிச் சீட்டு உண்டு. அதன் பெயர் குறிச்சொல்!

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற மின் நூலகம் உள்ளது. 1996ல் இதைத் தொடங்கியவர் புரூஸ்டர் கேல். பழைய புத்தகங்கள், பாடல்கள், விளையாட்டு மென்பொருள்கள் என்று கோடிக்கணக்கான கோப்புகள் இங்கே இருக்கின்றன. இத்தனைக்குள் வேண்டியதை எப்படித் தேடுவது?

அதற்குத்தான் ஏ.பி.ஐ.! இது ஓட்டல் சர்வர் மாதிரி. நாம் சமையலறைக்குள் போவதில்லை. சர்வரிடம் சொன்னால் இட்லி வருகிறது. அதுபோல ஒரு புரோகிராம், 'வகை: மென்பொருள், குறிச்சொல்: செஸ்' என்று ஏ.பி.ஐ.யிடம் கேட்டால், பொருந்தும் கோப்புகளின் பட்டியல் வந்துவிடும்.

ஆனால், கோப்பைச் சேர்த்தவர் குறிச்சொல்லைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தால்? அந்தப் பட்டியலில் அது வராது. உள்ளே பத்திரமாக இருந்தும் தொலைந்த மாதிரிதான்!

நீங்களும் சுற்றுலாப் படங்களைச் சேமிக்கும்போது ஊர், ஆண்டு, உடன் வந்தவர்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதி வையுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடினாலும் கிடைக்கும். என்ன, செய்வீர்கள்தானே?