ஃபுரோசன் (2010 திரைப்படம்)

ஃபுரோசன் என்பது 2010 இல் வெளியான அமெரிக்கத் திகில் திரைப்படம் ஆகும். ஹாட்செட் (2006) படத்தால் அறியப்பட்ட தற்சார்பு இயக்குநர் ஆடம் கிரீன் இதனை எழுதி இயக்கினார். 2013 இல் டிஸ்னி வெளியிட்ட இதே பெயருடைய இயங்குபடம் வேறு.

பனிச்சறுக்கு மலையொன்றில் ஞாயிறு இரவு, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் நாற்காலியில் மூன்று இளைஞர்கள் ஏறுகின்றனர். பணியாளர் மாறியதில், அவர்கள் இறங்கிவிட்டதாகக் கருதி இயந்திரம் நிறுத்தப்படுகிறது. மலை மீண்டும் திறப்பது வெள்ளிக்கிழமைதான். குதித்தால் கால் முறியும், இருந்தால் குளிர் கொல்லும். கீழே ஓநாய்கள். பேயோ கொலைகாரனோ கதையில் இல்லை.

படப்பிடிப்பு யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேசின் மலையில் குளிர்காலத்தில் நடந்தது. அரங்கமும் பச்சைத்திரையும் தவிர்க்கப்பட்டன. எம்மா பெல், ஷான் ஆஷ்மோர், கெவின் செகர்ஸ் மூவரும் ஏறத்தாழ 50 அடி உயரத்தில் மெய்யாகவே அமர்ந்து நடித்தனர். எனவே அவர்கள் மூச்சில் எழும் ஆவியும் நடுக்கமும் பெரும்பாலும் நடிப்பல்ல. உறங்கியவளின் வெறுங்கை இரும்புக் கம்பியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் காட்சி ஓநாய்க் காட்சிகளைவிட அச்சமூட்டுவது. ஓநாய்களும் உண்மையானவையே, ஆயினும் அவை மனிதரை இவ்வாறு வேட்டையாடுவது மிக அரிது. கதையின் நலிவான இடம் அதுவே.

படம் 2010 சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, பிப்ரவரி 5 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.