மூன்று நாள் சிகிச்சை, ஏழு நாள் வாழ்க்கை

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, எஞ்சிய நாள்களை எவ்வாறு நடத்துவது என்பது பெரிய கேள்வி. தேங்கிய வேலைகளையெல்லாம் ஒரே நாளில் முடித்துவிட்டு மறுநாள் எழ இயலாமல் படுத்துவிடுவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எதிலும் ஈடுபடாமல் ஒடுங்கிவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், குளிப்போர் இருவர் இருவராகச் சேர்ந்தே தொழில் செய்தனர். ஒருவர் கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். பின்னர் முறை மாறும். ஓய்வும் அத்தொழிலின் ஒரு பாகமாகவே வகுக்கப்பட்டிருந்தது. வாரத்தைத் திட்டமிடும்போது நாமும் அவ்வாறே ஓய்வுக்கு முதலில் இடம் ஒதுக்கலாம்.

ஒரு தாளில் டயாலிசிஸ் நாள்களைக் குறியுங்கள். சிகிச்சை முடிந்த பிறகு அன்று வேறு பணி வேண்டாம். வங்கி, உறவினர் வீடு, கோயில், தேவாலயம் ஆகியவற்றை இடைப்பட்ட நாள்களில், நாளுக்கு ஒன்றாக, வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள். நடவாத வேலையை அடுத்த வாரத்திற்குத் தள்ளலாம். டயாலிசிஸைத் தவறவிடவோ அதன் நேரத்தைக் குறைக்கவோ கூடாது.

தனிக் கவனம் வேண்டுவது நீண்ட இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி வருவோருக்கு அது வெள்ளி முதல் திங்கள் வரை. செவ்வாய், வியாழன், சனி வருவோருக்குச் சனி முதல் செவ்வாய் வரை. நீரும் பொட்டாசியமும் உடலில் சேர அப்போது கூடுதலாக ஒரு நாள் கிடைக்கிறது. 32,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, இவ்விடைவெளியை அடுத்த நாளில் இறப்பும், இதயக் கோளாற்றால் மருத்துவமனையில் சேர்வதும் மிகுதி எனக் காட்டியது.

இரு பிரிவினருக்கும் ஞாயிறு இந்த இடைவெளிக்குள்ளேயே வருகிறது. நம் வீடுகளில் அதுவே விருந்து நாளும்கூட. விருந்தைக் கைவிட வேண்டாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மட்டும் இலையில் இல்லாதிருக்கட்டும். உப்பு மிகுந்தால் தாகம் மிகும். இளநீரிலும் பழச்சாற்றிலும் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். மருத்துவர் வகுத்த அளவுத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காபி, மோர், ரசம் அருந்தினால் அந்த அளவை அதிலிருந்து கழித்துவிடுங்கள். நாள்தோறும் காலையில் எடையைக் குறித்து வையுங்கள்.

படுத்தால் மூச்சுத்திணறல், திடீர்த் தசைத்தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த முறைக்காகக் காத்திராதீர்கள். ஞாயிறாயினும் நள்ளிரவாயினும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல்: துணைக்கு வருபவர் எப்போதும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. மகனும் மருமகளும் அண்டை வீட்டாரும் முறை வைத்து வரலாம்; துணைக்கு வருபவரின் ஓய்வுநாளும் அத்தாளில் இடம்பெறட்டும். அடுத்த முறை வரும்போது அதை எங்களிடம் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்த்துத் திருத்துவோம்.