நடுவழியில் நின்ற காருக்கு நல்ல வழித்துணை

மோட்டார் கார் இன்று செல்வர் வீட்டு அடையாளமாக மட்டும் இருக்கவில்லை. கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, அலிப்பூர், பேஹாலா முதலிய பகுதிகளில் வாழும் நம்மவருள் பலர் சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். கார் வாங்கும்போது அதன் விலை, நிறம், பெட்ரோல் செலவு ஆகியவற்றைப் பலமுறை ஆராய்கிறோம். ஆனால் அந்தக் கார் நள்ளிரவில் நடுவழியில் நின்றுவிட்டால் யாரை அழைப்பது என்பதை, அது நின்றபிறகுதான் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கிறோம். தாகம் எடுத்தபின் கிணறு தோண்டுவதற்கு இது நிகரானது.

சொந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெருமுனையில் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். கூப்பிட்டவுடன் ஓடிவர மைத்துனரோ சித்தப்பா மகனோ இருப்பார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அத்தகைய துணை குறைவு. வயது முதிர்ந்த தாய் தந்தையரும் குழந்தைகளும் காரில் இருக்கும்போது, முன்பின் அறியாதவர் கேட்கும் கூலியைக் கொடுத்து, அவர் சொல்லும் பணிமனைக்குக் காரை அனுப்ப நேரிடுவது உண்டு. ஆகவே, 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' என்று வழங்கும் வழித்துணைச் சேவையை ஆராய்ந்து தேர்வது நமக்கு மிகவும் வேண்டிய ஒன்றாகும்.

இச்சேவை நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905-இல் தோன்றியது. அதற்கு ஓராண்டு முன்பே, 1904-இல், கொல்கத்தாவில் வங்காள ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கப்பட்டுவிட்டது. அதுவே இன்று கிழக்கிந்திய ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற பெயரில் பாலிகஞ்சுப் பகுதியிலிருந்து இயங்கி வருகிறது. பம்பாயிலும் சென்னையிலும் இத்தகைய சங்கங்கள் பின்னர் எழுந்தன. கார் வைத்திருப்போர் தமக்குள் சந்தா செலுத்தி, ஒருவருக்கு நேரும் இடுக்கணை அனைவரும் சேர்ந்து தாங்குவது என்பதே இவற்றின் அடிப்படை.

அக்காலத்தில் பழுதைச் சரிசெய்வது ஓரளவு எளிதாக இருந்தது. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்டு வந்த அம்பாஸடர் காரை, ஒரு ஸ்பானரும் திருப்புளியும் கொண்டே சாலையோர மெக்கானிக்குகள் ஓடச் செய்துவிடுவர். இன்றைய கார்களில் எஞ்சினையும் பிரேக்கையும் கதவுப் பூட்டையுங்கூட மின்னணுக் கருவிகளே ஆள்கின்றன. அவற்றின் கோளாறைக் கண்டறியவே தனிக்கருவி வேண்டும். மேலும், 2020-இல் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் அமைப்பும் பஞ்சர் ஒட்டும் கருவிப்பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி சக்கரம் கட்டாயமன்று. ஆகவே, பஞ்சர் ஆனால்கூடச் சில கார்களுக்கு வெளியுதவி தேவைப்படுகிறது.

இனி, இச்சேவையை அளிப்பவர் யாவர் என்று பார்ப்போம். இவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் காரைத் தயாரிக்கும் நிறுவனத்தார். புதுக் காருடன் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு இச்சேவையைச் சேர்த்துத் தருவர். பின்பு கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையினர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தார். பாலிசியுடன் சிறிது கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு இதனை அளிப்பர். மூன்றாம் வகையினர் இதையே தொழிலாக நடத்தும் தனி நிறுவனத்தார். நான்காம் வகை, மேலே கூறிய ஆட்டோமொபைல் சங்கங்கள்.

இங்கே பலரிடம் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. "காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பழுதானால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பதே அது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் தீங்கிற்கான இன்ஷூரன்ஸை மட்டுமே. அதில் நம் காருக்கென்று யாதொன்றும் இல்லை. நம் காரின் சேதத்தையும் ஏற்கும் முழுப் பாலிசி எடுத்திருந்தாலும், அதன் வழக்கமான நிபந்தனைகளில் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் விலக்கப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்தால் காரை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்ல ஒரு தொகை உண்டு. ஆனால் தனியார் காருக்கு அது விபத்து ஒன்றுக்கு 1,500 ரூபாய்க்கு மேற்படாது என்பதே வழக்கமான வாசகம். பேட்டரி செத்துப்போவதும் கிளட்ச் அறுந்துபோவதும் விபத்தாகா. எனவே, பாலிசித் தாளில் வழித்துணைச் சேவை தனியே குறிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனித் தேர்வு செய்யும் முறை. விளம்பரங்கள் யாவும் "நாடு முழுவதும், இருபத்துநான்கு மணி நேரமும்" என்றே கூறும். எனினும் நம்மிடம் வந்து சேர்வது அந்தப் பெரிய நிறுவனத்தின் ஆள் அல்லர். பெரும்பாலும் அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட உள்ளூர்ப் பணிமனைக்காரரே வருவார். ஆகையால், நிறுவனத்தின் பெயரைவிட, நம் கார் நாள்தோறும் ஓடும் சாலைக்கு யார் வருவார், எங்கிருந்து வருவார் என்பதே பெரிய கேள்வி. கட்டணம் செலுத்துமுன் அவர்களுடைய தொலைபேசி எண்ணை அழைத்து, "அலிப்பூரில் தேசிய நூலகத்தின் முன், பெல்வெடேர் சாலையில், இரவு பதினொரு மணிக்குக் கார் நின்றால் உதவி வண்டி எந்தப் பணிமனையிலிருந்து புறப்படும்?" என்று கேளுங்கள். தெளிவாக விடை சொல்பவர் உண்மையில் ஏற்பாடு வைத்திருப்பவர். "ஆவன செய்வோம்" என்று மட்டும் சொல்பவரைப் பற்றி நாம் மறுபடியும் யோசிக்க வேண்டும். அழைப்பை எடுக்க அவர்கள் எவ்வளவு நேரம் கொண்டனர் என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம்.

தொலைவை வரைபடத்தில் அளந்தால் போதாது. 2018 செப்டம்பர் 4-ஆம் நாள் அலிப்பூரை அடுத்த மாஜேர்ஹாட் பாலம் இடிந்து வீழ்ந்தது. 2020 டிசம்பரில் புதுப்பாலம் திறக்கப்படும்வரை, பேஹாலாவுக்குப் போவோர் சுற்றுவழியில் நெடுநேரம் கழிக்க வேண்டியதாயிற்று. ஹூக்ளி நதிக்கு அக்கரையில் ஹவுராவிலிருந்து வரும் உதவிக்கும், இக்கரையில் தென்கொல்கத்தாவிலிருந்து வரும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை இந்நகரில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது, எத்தகைய வண்டி வரும் என்பது. முன்சக்கரங்களை மட்டும் தூக்கி இழுத்துச் செல்லும் வண்டி எல்லாக் கார்களுக்கும் ஏற்றதன்று. நான்கு சக்கரங்களும் இயங்கும் கார், ஆட்டோமேட்டிக் கியர் கார், மின்சாரக் கார் ஆகியவற்றை அவ்வாறு இழுத்தால் கியர்ப்பெட்டியோ மோட்டாரோ கெட்டுவிடக்கூடும். காரை முழுவதும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான மேடை கொண்ட 'ஃபிளாட்பெட்' லாரியே அவற்றிற்குத் தேவை. அத்தகைய லாரி வரும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இழுத்துச் செல்லும் தொலைவு. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம்? அந்தக் கணக்கு, கார் நின்ற இடத்திலிருந்தா, பணிமனையிலிருந்து புறப்பட்டு மீளும் முழுத் தொலைவுக்குமா? அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு? கொண்டுசேர்ப்பது நாம் விரும்பும் பணிமனைக்கா, அவர்கள் குறிக்கும் பணிமனைக்கா? இந்த நான்கு வினாக்களுக்கும் விடையை எழுத்தில் பெறுவது நலம். நான்காவது, ஆண்டில் எத்தனை முறை அழைக்கலாம் என்பது. சில திட்டங்களில் பஞ்சர் ஒட்டுவதும் ஓர் அழைப்பாகவே கணக்கிடப்படும். ஐந்தாவது, எவற்றுக்குக் கட்டணம் தனி என்பது. பெட்ரோல் தீர்ந்துவிட்டால் கொண்டுவந்து கொடுப்பர். பெட்ரோலின் விலையை நாமே தர வேண்டும். உதிரிப்பாகங்களின் விலையும் பணிமனைக் கூலியும் பொதுவாக நம்மைச் சேர்ந்தனவே.

கொல்கத்தாவில் வாழ்வோர் தனியே கவனிக்க வேண்டியது மழைநீர். 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலைவரை பெய்த பெருமழையில், ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருக்கள் ஏரிகளாயின, தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். இத்தகைய நாளில் கார் நீரில் நின்றுவிட்டால், அதை மறுபடியும் ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது. எஞ்சினுக்குள் இருக்கும் காற்றை பிஸ்டன் அழுத்த முடியும். நீரை அவ்வாறு அழுத்த முடியாது. உள்ளே நீர் புகுந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சினே பாழாகிவிடக்கூடும். இவ்வாறு நேரும் எஞ்சின் சேதத்தைச் சாதாரணப் பாலிசியில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஏற்க மறுப்பது வழக்கம். எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச்சேர்க்கை எடுத்தவருக்கே இழப்பீடு பெற வழியுண்டு. அதற்கும் நிபந்தனைகள் உள. வழித்துணைத் திட்டங்களிலும், வெள்ளம் புயல் நாட்களில் சேவை கிடைக்குமா என்பதைக் குறிக்கும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. மின்கம்பங்கள் சூழ்ந்த தெருநீரில் இறங்கிக் காரைத் தள்ளுவது உயிருக்கே ஆபத்தாகலாம். காரைவிட உயிர் பெரிது.

விடுமுறையில் தமிழகத்திற்குக் காரிலேயே புறப்படுவோரும் உளர். தேசிய நெடுஞ்சாலை 16 மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரம் ஆகியவற்றைக் கடந்து சென்னையை அடையும்; அதன் நீளம் சுமார் 1,700 கிலோமீட்டர். பாலேஸ்வரத்திற்கும் ஸ்ரீகாகுளத்திற்கும் தம் உதவி வருமா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்க உறுப்பினராயின், பிற மாநிலச் சங்கத்தின் உதவி நமக்கு எந்த அளவு கிட்டும் என்று வினவ வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். சுங்கச் சாவடியுள்ள சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்சும் வைத்திருப்பது சாலையை நடத்துவோர் கடமை. ஆனால் கிரேன் காரைச் சாலையிலிருந்து அகற்றிப் பத்திரமான இடத்தில் விடும். நாம் விரும்பும் பணிமனைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அதற்கில்லை. ஆகவே 1033 நம் வழித்துணைச் சேவைக்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும்.

சொன்னபடி உதவி வாராவிடில் எங்கே முறையிடுவது? இதிலும் நால்வகையினருள் வேற்றுமை உண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசியுடன் பெற்ற சேவையாயின், முதலில் அந்நிறுவனத்திற்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும், இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மேற்கு வங்கத்திற்குரிய குறைதீர்ப்பாளர் அலுவலகம் கொல்கத்தாவிலேயே உள்ளது. மற்ற நிறுவனங்களிடம் பெற்ற சேவையாயின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம். நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது பெரும் உரிமை. அழைத்த நேரம், தரப்பட்ட புகார் எண், உதவி வந்த நேரம், கொடுத்த பணத்தின் ரசீது ஆகியவற்றைக் குறித்துவைத்தால்தான் இந்த உரிமை பயன்படும்.

மொழியையும் மறக்கலாகாது. உதவி மையத்தில் தமிழில் பேசுவோர் உளரா என்று முன்னரே கேளுங்கள். அங்கே தமிழ் கிடைத்தாலும், நேரில் வருபவர் வங்காளமோ ஹிந்தியோ பேசுபவராகவே இருப்பார். ஆகவே காரின் பதிவு எண், பாலிசி அல்லது உறுப்பினர் எண், உதவி எண், வீட்டு முகவரி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் காரிலேயே வையுங்கள். "காடி கராப் ஹொயே கேச்சே" - கார் பழுதாகிவிட்டது - என்ற வங்காளச் சொற்றொடரைத் தமிழ் எழுத்தில் அதன்மேல் எழுதிவைத்தால், ஊருக்குப் புதியவரான பெற்றோருங்கூட அருகில் நிற்பவரிடம் உதவி கேட்க இயலும்.

கார் நின்றவுடன் இயன்றவரை இடப்புற ஓரத்திற்குக் கொண்டுவந்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். நெடுஞ்சாலையாயின், அனைவரும் இறங்கிச் சாலைக்கு வெளியே நிற்பதே பாதுகாப்பு. அச்சுறுத்தலோ விபத்தோ நேர்ந்தால் 112-ஐ அழைக்க வேண்டும்.

வழித்துணைக்கான ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை வேறுபடும். குறைந்த கட்டணம் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், உயர்ந்த கட்டணமே உயர்ந்த சேவை என்று நம்புவதும் ஒருங்கே தவறு. முதலில், புதுக் காருடனோ பாலிசியுடனோ இச்சேவை நமக்கு ஏற்கெனவே கிடைத்துள்ளதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரே சேவைக்கு இருமுறை பணம் கட்டுவோரும் உண்டு, காலம் முடிந்ததை அறியாதிருப்போரும் உண்டு. கார் நின்றபின் வாங்கும் திட்டம் அன்றைய பழுதுக்கு உதவாது. ஆகவே, அடுத்த மழைக்காலம் வருமுன் ஓர் ஓய்வுநாளில் அந்தத் தாள்களை எடுத்துப் படித்து, ஒரு தொலைபேசி அழைப்பையும் செய்துவிடுங்கள்.